கரையே தெரியாத ஒரு முழு நாள்: கப்பலில் அம்மாவும் அப்பாவும் என்ன செய்வார்கள்?

#1 லிந்துலை_கொழுந்து
எல்லாருக்கும் வணக்கம். கனடாவில் இருக்கும் என் தம்பி, அப்பா அம்மாவின் கல்யாண நாளுக்கென்று சிங்கப்பூரிலிருந்து புறப்படும் ஒரு உல்லாசக் கப்பலில் இடம் போட்டுவிட்டான். பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டுத் திரும்பி வருவது. இடையில் ஒரு நாள் எந்தத் துறைமுகமும் கிடையாது. காலையிலிருந்து இரவு வரை கடல் மட்டும்தான்.

நாங்கள் இலங்கை மலையகம். அப்பா தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு புத்தகம் இருந்தால் போதும், கப்பல் எங்கே போகிறது என்றுகூடக் கேட்கமாட்டார். கவலை அம்மாவைப் பற்றித்தான். கொழுந்து எடுத்தே காலம் கழித்தவர். தோட்டத்தில் பேரை வெட்டிவிட்டு, வேலையிலிருந்து நின்ற பிறகும் மரக்கறிப் பாத்தி, கோழி, பேரப்பிள்ளைகள் என்று ஓடிக்கொண்டுதான் இருக்கிறார். “ஒரு நாள் முழுக்கக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்க நான் என்ன வெளிச்ச வீடா?” என்று கேட்கிறார். அதோடு கடுகண்ணாவை மலைப்பாதை வளைவில் பஸ் திரும்பினாலே பையைத் தேடுகிற ஆள்.

போய் வந்தவர்கள், அங்கே வேலை செய்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அந்த ஒரு நாள் எப்படிப் போகும்?

#2 ஊவா_காற்று
பண்டாரவளையிலிருந்து எழுதுகிறேன் தங்கச்சி. மகளோடு இதே மாதிரிப் பயணம் போயிருக்கிறேன். எனக்குப் பிடித்ததே அந்தக் கடல் நாள்தான். துறைமுக நாளில் ஓட்டம் ஓட்டமாக இறங்கி, பஸ்ஸில் ஏறி, கோயிலையும் கடையையும் பார்த்துவிட்டு வியர்த்து வழிந்து திரும்புவோம். கடல் நாளில்தான் கப்பல் என்றால் என்னவென்று தெரியும்.

முதல் நாள் இரவே மறுநாள் நிகழ்ச்சித் தாள் கேபினுக்கு வந்துவிடும். இப்போது பல கப்பல்களில் போனில் ஆப்பாக வருகிறது. விடியற்காலையில் மேல்தளத்தில் நடக்கிற கூட்டம், பிறகு யோகா, நடன வகுப்பு, பொது அறிவுப் போட்டி, பிங்கோ, சமையல் செய்து காட்டுவது, ஓவிய ஏலம், பின்னேரம் பாட்டு, இரவு அரங்கில் ஷோ. எதற்கும் போகாமலும் இருக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள்.

காலைச் சாப்பாட்டுக்கு ஒன்பது மணிக்குப் போகவேண்டாம். துறைமுக நாளில் நேரத்தோடு சாப்பிட்டு இறங்குகிற ஆட்கள், கடல் நாளில் எல்லாரும் ஒன்றாக அந்த நேரத்துக்குத்தான் எழும்பி வருவார்கள். தட்டைப் பிடித்துக்கொண்டு மேசை தேடி அலையவேண்டும். அம்மா தோட்டத்துப் பழக்கத்தில் ஐந்து மணிக்கே எழும்புவார் என்றால் ஏழு மணிக்கு ராசாத்தி மாதிரி உட்கார்ந்து சாப்பிடலாம்.

நீச்சல் குளத்தடிச் சாய்கதிரைகள் இன்னொரு கூத்து. விடிவதற்குள் வந்து துவாயை விரித்து, அதன்மேல் ஒரு செருப்பை வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அரை மணி நேரத்துக்கு மேல் ஆள் வராவிட்டால் எடுத்துவிடுவோம் என்று அறிவித்தல் இருந்தது. எடுக்க வந்த பையனோடு ஒரு அம்மா சண்டை போட்டதைப் பார்த்தேன்.

பகல் பன்னிரண்டு மணிக்குக் கப்டன் ஒலிபெருக்கியில் பேசுவார். எங்கே இருக்கிறோம், என்ன வேகம், காற்று எப்படி, அடியில் கடல் எவ்வளவு ஆழம் என்றெல்லாம் சொல்வார். அப்பாவுக்கு அது பிடிக்கும். கசினோவும் வரியில்லாக் கடைகளும் துறைமுகத்தில் நிற்கும்போது பூட்டியிருக்கும், கடலுக்குப் போனதும் திறப்பார்கள். ஆகவே கடல் நாளில் அந்தப் பக்கம் சனம் நெரியும்.

இரவு ஷோவுக்குப் போகும்போது சுவெட்டர் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெளியே வெக்கை, உள்ளே ஏசி ஹோர்ட்டன் சமவெளிக் குளிர்.

#3 கீழ்த்தளம்
அக்கா, நான் மஸ்கெலியா. கப்பலில் ஹவுஸ்கீப்பிங். கான்ட்ராக்ட் முடிந்து இப்போது வீட்டில் நிற்கிறேன். ஊவா அண்ணன் சொன்னதெல்லாம் உண்மைதான், ஆனால் அது மேலே இருக்கிறவர்களின் நாள். எங்களுக்கு ‘சீ டே’ என்றாலே முதல் நாள் இரவே அலுப்பு வந்துவிடும்.

காரணம் இதுதான். துறைமுக நாளில் எட்டு ஒன்பது மணிக்கெல்லாம் ஆட்கள் இறங்கிவிடுவார்கள். கேபின்கள் காலி. ஒரு கோடியில் தொடங்கி வரிசையாக முடித்துக்கொண்டு போகலாம். கடல் நாளில் யாருக்கும் எங்கேயும் போக வேண்டியதில்லை. பதினொரு மணி வரைக்கும் ‘தொந்தரவு செய்யவேண்டாம்’ அட்டை கதவில் தொங்கும். நான் தள்ளுவண்டியோடு நடைபாதையில் மேலும் கீழும் நடந்துகொண்டிருப்பேன், எந்தக் கதவு திறக்கும் என்று பார்த்துக்கொண்டு. ஒருவர் சாப்பிடப் போனதும் உள்ளே புகுந்து கட்டிலை உதறி விரித்து, குளியலறையைக் கழுவி, குப்பையை எடுத்து முடிப்பதற்குள் அவர் திரும்பி வந்துவிடுவார். “பரவாயில்லை, நீங்கள் செய்யுங்கள்” என்று சோபாவில் உட்கார்ந்து டீவியைப் போடுவார். அவர் காலைச் சுற்றித்தான் வெக்யூம் பிடிக்கவேண்டும். நல்ல மனிதர்தான், ஆனால் பக்கத்துக் கேபின்காரர் அதற்குள் வந்து படுத்துவிடுவார்.

ஆள் உள்ளேயே இருந்தால் எல்லாமே கூட. துவாய் கூட, குப்பை கூட, ஐஸ் கேட்கிறது கூட. மத்தியானம் கிடைக்கிற இடைவேளை சுருங்கிவிடும். துறைமுக நாளில் அந்த இடைவேளையில் இறங்கி வீட்டுக்கு போன் பண்ணுவோம், சவர்க்காரம் ஷாம்பு வாங்குவோம். கடல் நாளில் சீருடையோடு அப்படியே கட்டிலில் விழுந்து எழும்புவதுதான்.

பின்னேரம் இரண்டாவது சுற்று. ஆட்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் திரும்பவும் போய்க் கட்டிலைச் சரிபண்ணி, திரையை இழுத்து, துவாயில் ஒரு உருவம் செய்து வைக்கவேண்டும். யானை செய்வது சுலபம். பெரிய துவாயை இரண்டு பக்கத்திலிருந்தும் நடுவுக்குச் சுருட்டி, பாதியாக மடித்து நிறுத்தினால் நான்கு கால். சின்னத் துவாயில் தலையும் தும்பிக்கையும் செய்து மேலே உட்கார வைத்தால் முடிந்தது. துவாய் கொஞ்சம் ஈரமாக இருந்தால் நன்றாக நிற்கும், காய்ந்து மொடமொடவென்று இருந்தால் தும்பிக்கை விழுந்துவிடும். குரங்கை உடுப்புக் கொழுவியில் தொங்கவிடவேண்டும். அதைப் பார்த்து யாரோ ஒரு பெரியம்மா இரவில் பயந்து அலறிவிட்டதால் வயதானவர்கள் கேபினில் நான் குரங்கு வைப்பதில்லை. உங்கள் அம்மாவுக்கு யானைதான் கிடைக்கும்.

கடல் நாள் இரவுதான் பெரும்பாலும் அலங்கார இரவு. கோட் சூட், கவுண் என்று உடுத்திக்கொண்டு படமெடுக்க நிற்பார்கள். அம்மா ஒரு நல்ல சேலை கொண்டுபோகட்டும். போட்டோக்காரர்கள் அவரைத்தான் துரத்துவார்கள். படம் எடுக்கக் காசில்லை, வாங்கத்தான் காசு, அதையும் சொல்லிவையுங்கள்.

இன்னொன்று. கப்பல் புறப்படுவதற்கு முன்பு எல்லாரும் பாதுகாப்புப் பயிற்சிக்குப் போகவேண்டும். ஏழு குட்டை ஊதல், ஒரு நீள ஊதல் கேட்டால் ஆபத்து என்று அர்த்தம். நம் தோட்டத்துக் காலைப் பெரட்டு மாதிரியே, அவரவர் இடத்தில் போய் நின்று பேர் பதியவேண்டும். “வயசான ஆள், அறையிலேயே இருக்கட்டும்” என்று யாரும் சொல்லவேண்டாம். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையில் கொஸ்டா கொன்கோர்டியா கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறியவர்களுக்கு அந்தப் பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. அதுவரை, ஆட்கள் ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று இருந்தது, அதன் பிறகுதான் புறப்படும்போதே நடத்தவேண்டும் என்று சட்டத்தை மாற்றினார்கள்.

#4 டயகம_பையன்
அண்ணே, அப்போ நீங்கள் கடலையே பார்ப்பதில்லையா? 😀

#5 கீழ்த்தளம்
பார்க்கலாம் தம்பி, முன் அணியத்தில் எங்களுக்கென்று ஒரு திறந்த தளம் இருக்கிறது. போய் நிற்பதற்கு நேரம் வேண்டும், அவ்வளவுதான். பயணிகள் இருக்கும் தளங்களில் வேலை இல்லாமல் நிற்கக்கூடாது.

எங்கள் கேபின்கள் தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில், சிலது அதற்கும் கீழே. ஜன்னல் கிடையாது. மேல்கட்டில், கீழ்கட்டில், ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை. அந்தத் திரைக்குள் இருக்கிற இடம்தான் உனக்குச் சொந்தம். லைட்டை நிறுத்தினால் பகலா இரவா என்று தெரியாது. என் அறையில் இருந்த இந்தோனேசியப் பையன் பேக்கரியில் இரவு வேலை. நான் எழும்பும்போது அவன் படுப்பான். மாதக்கணக்காக ஒரே அறையில் இருந்தும் சேர்ந்து ஒரு வேளை சாப்பிட்டது அபூர்வம்.

எங்கள் கப்பலில் மேற்குப் பக்கம் போகும்போது இரவில் ஒரு மணி நேரம் கூடக் கிடைக்கும், அன்று மெஸ்ஸில் எல்லார் முகத்திலும் சிரிப்பு. கிழக்கே வரும்போது அதே ஒரு மணி நேரத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். பயணிகள் அதைக் கவனிப்பதே இல்லை. எங்களுக்கு அது தூக்கம்.

சாப்பாடு பரவாயில்லை. பிலிப்பைன்ஸ், இந்திய, இந்தோனேசிய ஆட்கள் நிறையப் பேர் என்பதால் மெஸ்ஸில் மூன்று வேளையும் சோறு இருக்கும். சம்பல்தான் இல்லை. கட்டாச் சம்பல் ஒரு போத்தல் கொண்டுபோனால் நாடு பார்க்காமல் நண்பர்கள் சேருவார்கள்.

#6 பழைய_கிளாக்கர்
பிள்ளைகள் கதைப்பதை வாசித்துக்கொண்டிருக்கிறேன். என் வயது ஆட்களுக்கு இந்தப் பக்கத்தில் கப்பல் என்றால் ஒன்றே ஒன்றுதான், தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரம் போன ‘இராமானுஜம்’. தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு அரசுகளும் செய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு ஊர் ஊராக ஆட்களை ஏற்றிக்கொண்டு கோச்சி (ரயில்) இறங்கும். ஒப்பாரிக் கோச்சி என்றுதான் சொல்வோம். என் சின்னம்மா குடும்பம் அதில்தான் போனது. கப்பலில் சுற்றிப் பார்க்கப் போவது என்று ஒருவர் சொல்லும்போது எனக்கு இன்னும் காதில் ஒரு மாதிரித்தான் விழுகிறது. அதை விடுங்கள், லிந்துலைப் பிள்ளையின் பெற்றோர் நன்றாகப் போய் வரட்டும்.

எனக்கு ஒரு கேள்வி. எங்கள் தோட்டத்து டிவிஷனில் லயத்துக்கு, அதுதான் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். வரட்சி வந்தால் அதுவும் இல்லை. உப்புத் தண்ணீர் நடுவில் ஆயிரக்கணக்கான ஆட்கள் குளித்து, குடித்து, துணி துவைத்து, நீச்சல் குளமும் வைத்திருக்கிறார்களே. அத்தனை தண்ணீர் எங்கிருந்து?

#7 பதுளை_பிட்டர்
இதற்கு நான் பதில் சொல்லலாம் ஐயா. கப்பல் இயந்திர அறையில் பிட்டர் வேலை, இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது.

இரண்டு வழி. ஒன்று, எஞ்சின் சூட்டைக் கொண்டே கடல்நீரை ஆவியாக்கிப் பிடிப்பது. காற்றழுத்தத்தைக் குறைத்து வைத்திருப்பதால் 100 பாகைக்கு வெகு கீழேயே நீர் ஆவியாகும், எப்படியும் வீணாகப் போகிற சூடு வேலைக்கு வந்துவிடும். மற்றது, கடல்நீரைப் பெரிய அழுத்தத்தில் மென்சவ்வுக்குள்ளால் தள்ளி உப்பைப் பிரிப்பது. அப்படி வந்த நீருக்குக் கனிமங்களும் குளோரினும் சேர்த்துத்தான் குழாயில் விடுவார்கள். கரைக்குப் பக்கத்தில், துறைமுகத்தில் அழுக்கு நீர் என்பதால் இதைச் செய்யமாட்டோம். ஆகவே கடல் நாள்தான் தொட்டி நிரப்புகிற நாள். மேலே ஆட்கள் குளத்தில் கிடக்க, கீழே நாங்கள் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

அக்காவின் அம்மாவுக்கு வாந்திப் பயம் என்றார். கப்பலின் இரண்டு பக்கமும் தண்ணீருக்கடியில் துடுப்பு மாதிரி ஸ்டெபிலைசர் இருக்கிறது. துறைமுகத்தில் மடித்து உள்ளே வைத்திருப்போம், கடலுக்குப் போனதும் விரிப்போம். பக்கவாட்டு ஆட்டத்தை நன்றாகக் குறைக்கும். முன்னும் பின்னும் தூக்கிப் போடுவதை அது அவ்வளவாகத் தடுக்காது. அதனால் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் கேபின் கேளுங்கள். உச்சித் தளத்து முன்பக்கக் கேபின் விலை கூட, ஆட்டமும் கூட. மலாக்கா நீரிணை இரண்டு பக்கமும் நிலம் சூழ்ந்தது, பெருங்கடல் மாதிரி அலை அங்கே எழும்புவது குறைவு. கடுகண்ணாவையைத் தாங்குகிறவர் இதைத் தாங்கலாம். தலை சுற்றினால் உள்ளே போய்ப் படுக்காமல் வெளியே வந்து தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இஞ்சி மெல்லலாம். மாத்திரை என்றால் டொக்டரிடம் கேட்டு, ஆட்டம் தொடங்கும் முன்பே போடவேண்டும், வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை.

ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறேன், வாத்தியார் ஐயாவுக்குப் பிடிக்கும். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். 18 நொட் வேகத்தில், அதாவது மணிக்கு 18 கடல் மைல், 24 மணி நேரம் ஓடினால் 432 கடல் மைல், அதாவது 800 கி.மீ. பதுளையிலிருந்து கொழும்புக்குக் கோச்சிப் பாதை சுமார் 290 கி.மீ., அதற்கே காலையில் ஏறினால் பின்னேரம்தான் இறங்குகிறோம். நேரம் கையில் இருந்தால் கப்பல் மெதுவாகவே ஓடும், எண்ணெய் மிச்சம்.

கழிப்பறை வெற்றிடக் குழாயில் உறிஞ்சுகிற வகை. பெரிய சத்தம் போடும், அம்மா பயப்படவேண்டாம். ஆனால் தாளைத் தவிர வேறு எதையும் அதில் போடக்கூடாது. ஒரு கேபினில் அடைத்தால் அந்த வரிசை முழுக்கப் பாதிக்கும், பிறகு நடுச்சாமத்தில் எழுப்புவது எங்களைத்தான். கடலில் எதையும் எறியவும் கூடாது. பிளாஸ்டிக்கை உலகத்தில் எந்தக் கடலிலும் போட அனுமதி இல்லை. சாப்பாட்டு மிச்சத்தைக் கப்பல்காரரே அரைத்து, கரையிலிருந்து தூரம் போன பிறகுதான் விடலாம், அதற்கும் பதிவேடு உண்டு.

#8 நானுஓயா_ஸ்டேஷன்
டிப்ஸ் விசயத்தை யாரும் பேசவில்லையே. என் மச்சான் போனபோது ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு டொலர் என்று பில்லில் தானாக ஏற்றிவிட்டார்கள். டிக்கெட்டுக்குக் காசு கட்டியாயிற்று, பிறகு எதற்கு? சம்பளம் கொடுக்கிறது கொம்பனியின் வேலை. அவர் வரவேற்பு மேசைக்குப் போய் வெட்டச் சொல்லிவிட்டார். நான் அதில் பிழை காணவில்லை.

#9 கீழ்த்தளம்
அண்ணே, உங்கள் மச்சானுக்குச் சட்டப்படி அந்த உரிமை இருக்கிற கப்பலாக இருக்கும். பல கொம்பனிகளில் வெட்டலாம். ஆனால் கையில் கணக்கு வைத்துப் பாருங்கள். எங்கள் அடிப்படைச் சம்பளம் சின்னது, அந்தச் சேவைக் கட்டணத்தை நம்பித்தான் மாதக் கணக்கு நிற்கிறது. அது எனக்கு மட்டும் வருவதில்லை. சாப்பாட்டு மேசைப் பையன், அவனுக்கு உதவியாக இருக்கிறவன், பல கப்பல்களில் நீங்கள் கண்ணாலேயே காணாத துணி துவைக்கிற ஆட்கள்வரை பிரிகிறது. கடைசி நாளில் வரிசையில் நின்று வெட்டிவிட்டு, அதே கையோடு கேபினுக்கு வந்து “நீ தங்கமான பையன்” என்று தோளில் தட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அதைத்தான் தாங்கமுடியாது.

கொம்பனி ஒழுங்காகச் சம்பளம் கொடுக்கவேண்டும் என்பதில் எனக்கும் வேறு கருத்து இல்லை. அது கொடுக்கும்வரை யார் வயிற்றில் அடிப்பது என்பதுதான் கேள்வி.

#10 ஊவா_காற்று
நானுஓயா, நீங்கள் சொல்வது பாதி நியாயம். அப்படியென்றால் டிக்கெட் விலையிலேயே சேர்த்து வாங்கட்டும், விளம்பரத்தில் விலையைக் குறைத்துக் காட்டி உள்ளே வைத்து ஏற்றக்கூடாது. சில கொம்பனிகள் சேர்த்தேதான் விற்கின்றன. ஆனால் ஏறிய பிறகு வெட்டினால் அது கொம்பனியைத் தொடாது. நம் தோட்டத்து ஆட்கள் சம்பள உயர்வுக்கு றோட்டில் உட்கார்ந்து எத்தனை வருடம் கத்தினார்கள். நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆனது 2021இல், 1,350 ஆனது 2024இல். வேலைக்காரன் கூலியை வெட்டுவது எப்படி இருக்கும் என்று மலையகத்தில் இருக்கிற ஒருவருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

#11 நானுஓயா_ஸ்டேஷன்
சரி சரி, மச்சானிடம் சொல்கிறேன். விலையில் சேர்க்கவேண்டும் என்பதை மட்டும் நான் விடமாட்டேன்.

#12 டயகம_பையன்
இழையைத் திசை திருப்பவில்லை, ஆனால் கேட்காமல் இருக்கமுடியவில்லை. ஏ.எல். (உயர்தரம்) முடித்துவிட்டேன், ஹட்டனில் ஹோட்டல் கோர்ஸ் ஒன்றும் செய்தேன். கப்பல் வேலைக்கு ஒருவர் நாலு லட்சம் கேட்கிறார். பாதி இப்போது, மீதி விசா வந்த பிறகு. ஆள் தெரிந்தவர்தான். அம்மா நகையை வைக்கலாம் என்கிறார். அண்ணன்மார் என்ன சொல்கிறீர்கள்?

#13 கீழ்த்தளம்
தம்பி, ஒரு சதமும் கொடுக்காதே. நகையைப் பெட்டியில் வை.

கடல்சார் தொழிலாளர் சமவாயம் என்று ஒன்று இருக்கிறது, 2006இல் நிறைவேறி 2013 ஆகஸ்ட்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வேலையில் சேர்த்துவிடுவதற்குக் கடலோடியிடம் கட்டணம் வாங்கக்கூடாது. பாஸ்போட், மருத்துவச் சான்றிதழ், சி.டி.சி. என்கிற கடலோடிப் புத்தகம், இவற்றின் செலவுதான் உன்னுடையது. அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி செய்யவேண்டும்: கடலில் உயிர் தப்புவது, தீயணைப்பு, முதலுதவி, தனிப்பட்ட பாதுகாப்பு. அதைப் பயிற்சி நிலையத்தில் நீயே போய்ச் சேர்ந்து, அவர்களுக்கே காசைக் கட்டி, பற்றுச்சீட்டு வாங்கு. ஆள் எடுக்கிற நிறுவனத்துக்கு கொழும்பில் இருக்கும் மேர்ச்சன்ட் ஷிப்பிங் செக்ரடேரியட்டின் அனுமதி இருக்கிறதா என்று கேள். “விசா வந்த பிறகு மீதி” என்கிறவன் வேலைக்கு ஆள் எடுக்கிறவன் இல்லை.

எங்கள் தோட்டத்திலேயே ஒரு பையன் இப்படித்தான் ஒரு தெரிந்தவரிடம் கட்டினான். கொழும்புக்கு மூன்று நான்கு தடவை அலையவிட்டார், பிறகு போனை எடுக்கவில்லை. வட்டி இன்னும் ஓடுகிறது.

போய்ச் சேர்ந்தால் வேலை எப்படி என்றும் தெரிந்துகொள். சட்டத்தில் 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, கிழமைக்கு 77 மணி நேரம். அந்தப் பத்தை இரண்டாகத்தான் பிரிக்கலாம், ஒன்று ஆறு மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. அதாவது 14 மணி நேரம் வேலை வாங்கலாம் என்பதுதான் அதன் மறுபக்கம். லீவு நாள் என்று ஒன்று கான்ட்ராக்ட் முடியும்வரை கிடையாது. காசு டொலரில் வரும், சாப்பாடு படுக்கைச் செலவு இல்லை. நான் தம்பியைப் படிக்கவைத்தேன், லயத்தை விட்டு ஏழு பேர்ச் காணியில் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. போகாதே என்று சொல்லமாட்டேன். அந்த ஆளுக்குக் காசு கொடுத்துப் போகாதே.

#14 பதுளை_பிட்டர்
இங்கிலிஷைப் பிடி தம்பி. நேர்முகத்தில் பாதிப் பேர் அதில்தான் விழுகிறார்கள். கோர்ஸ் சான்றிதழ் இரண்டாவது.

#15 லிந்துலை_கொழுந்து
எல்லாருக்கும் நன்றி. பாதியை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், 432 கடல் மைலைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டார். அம்மாவின் கேள்விகள்:

தேத்தண்ணீர் எப்படி? தன் டஸ்ட் (தூள்) தேயிலையும் வடியும் கொண்டுபோகப் போகிறாராம், தண்ணீர் சூடாக்கும் சுருள் ஒன்றும் பெட்டியில் வைத்துவிட்டார். அப்பாவுக்குச் சீனி வருத்தம், இன்சுலின் போடுகிறார். அதை எங்கே வைப்பது? வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாடு கிடைக்குமா? கப்பலிலிருந்து வீட்டுக்கு என்னோடு கதைக்க போன் வேலை செய்யுமா?

#16 கீழ்த்தளம்
சுருளை இப்போதே வெளியே எடுங்கள் அக்கா. ஏறும்போது ஸ்கேன் பண்ணுவார்கள், சூடாக்குகிற எதையும் விடமாட்டார்கள். அயன், கொயில், மெழுகுவர்த்தி, எல்லாம் தடை. கப்பலில் தீதான் பெரிய பயம். எடுத்து வைத்துவிட்டுக் கடைசி நாளில் கொடுப்பார்கள். சாம்பிராணியும் கொளுத்தமுடியாது, அம்மாவிடம் சொல்லிவையுங்கள்.

தேயிலைப் பக்கெட்டும் வடியும் கொண்டுபோகலாம். ஆசியப் பக்கம் ஓடுகிற சில கப்பல்களில் கேபினிலேயே கேத்தல் இருக்கும். இல்லாவிட்டால் ஒரு பிளாஸ்க் எடுத்துக்கொண்டு பஃபேக்குப் போய்ச் சுடுதண்ணீர் பிடிக்கலாம். மெஷினில் வருகிற தண்ணீர் டஸ்ட்டுக்குப் போதாது, சாயம் இறங்காது. பரிமாறுகிறவரிடம் நன்றாகக் கொதித்த தண்ணீர் என்று கேட்டால் உள்ளேயிருந்து கொண்டுவருவார். கேட்க வெட்கப்படவேண்டாம். அங்கே வைத்திருக்கிற பையைத் தண்ணீரில் முக்கி எடுத்தால் அம்மா அதைத் தேத்தண்ணீர் என்றே ஒத்துக்கொள்ளமாட்டார்.

இன்சுலினுக்குக் கேபினில் சின்ன பிரிட்ஜ் இருக்கும். சிலது சரியாகக் குளிராது, அப்படியானால் கேபினைப் பார்க்கிற ஸ்டூவர்ட்டிடம் சொல்லுங்கள், மருந்துக்கென்று வேறு தருவார்கள். ஊசிகளைக் குப்பையில் போடாமல் அதற்கான பெட்டி கேளுங்கள், எங்கள் கையில் குத்தும். எல்லா மருந்தையும் கைப்பையிலேயே வையுங்கள், ஏற்றுகிற பெட்டி கேபினுக்கு வர இரவாகிவிடும். கப்பல் டொக்டர் இருக்கிறார், பில் கண்ணைக் கட்டும். பயணக் காப்புறுதி இல்லாமல் ஏறவேண்டாம்.

மரக்கறிச் சாப்பாடு கிடைக்கும். தம்பியிடம் சொல்லி இப்போதே பதிவில் குறிக்கச் சொல்லுங்கள். பஃபேக்குள் போகுமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவவேண்டும். நொரோ வைரஸ் என்கிற வயிற்றோட்டக் கிருமிக்குக் கையில் தடவுகிற ஜெல் அவ்வளவாக வேலை செய்யாது.

போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள், அதுதான் முக்கியம். நடுக்கடலில் கப்பலின் சட்டலைட் வலையமைப்பைத் தானாகப் பிடித்துக்கொண்டால் றோமிங் பில் வீட்டை விற்கவைக்கும். கப்பலின் வைஃபையைக் காசு கட்டி வாங்கி வட்ஸ்அப்பில் கதைக்கலாம். என் அம்மாவுக்கு நான் நடுக்கடலிலிருந்து எடுத்தால் எனக்குச் சிக்னல் இருக்கும், அவர்தான் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏறவேண்டியிருக்கும்.

#17 பக்டரி_கைட்
கண்டிப் பக்கம் ஒரு தேயிலை பக்டரியில் வெளிநாட்டு ஆட்களுக்குச் சுற்றிக் காட்டுகிறேன். கொழும்பில் கப்பல் நிற்கிற நாளில் பஸ் பஸ்ஸாக வருவார்கள். தேயிலைச் சாயத்தை வாயில் வைக்குமுன்பே மணி பார்ப்பார்கள், பாவமாக இருக்கும். லிந்துலை அக்கா, பினாங்கில் உங்கள் பெற்றோர் தனியாகச் சுற்றினால் குறித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே திரும்பச் சொல்லுங்கள். கப்பலே ஒழுங்கு செய்த பஸ் தாமதமானால் காத்திருப்பார்கள், நாமாகப் பிடித்த டக்ஸி தாமதமானால் கப்பல் போய்விடும். இறங்காவிட்டாலும் ஒவ்வொரு நாட்டுக்கும் விசா வேண்டுமா என்று முன்பே பாருங்கள். சிலருக்கு ஏறும் இடத்திலேயே சிக்கல் வந்திருக்கிறது.

#18 லிந்துலை_கொழுந்து
விசாவைத் தம்பி பார்க்கிறான். சுருளை எடுத்துவிட்டேன், சண்டைக்குப் பிறகு. அம்மாவின் கடைசிக் கேள்வியாம்: “கடல் நாளில் உடுப்புத் துவைத்தால் எங்கே காயப்போடுவது?” கடல் நாளுக்கு ஒரு வேலை கண்டுபிடித்துவிட்டார் போலிருக்கிறது.

#19 கீழ்த்தளம்
குளியலறையில் சுவரோடு ஒரு சின்னக் குமிழ் இருக்கும், இழுத்தால் கயிறு வரும், எதிர்ச் சுவரில் மாட்டலாம். சின்ன உடுப்புத் தாங்கும், ஈரச் சேலை தாங்காது. பல்கனியில் மட்டும் போடவேண்டாம் அக்கா, காற்றில் பறந்தால் மலேசியாவுக்குப் போய்விடும், பிறகு எங்கள் சுப்பர்வைசர் என்னைப் போல ஒருவனைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்.